வால் எங்கே? – டீச்சர் பதில்கள்

சாரல் தொடங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ள நான் மலையைப் பார்ப்பதில்லை. தபாலைப் பார்த்தால் போதும். ஆனி பிறந்ததும் எலுமிச்சையில் இலை சுருளுவதும் தென்னையில் குரும்பை உதிர்வதும் நின்றுபோய், கடிதமெல்லாம் காளானாகிவிடுகிறது. இந்த இதழுக்கு வந்த பதினொன்றில் எட்டு காளான். மற்ற மூவரும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை அதற்குள் செத்துவிடாது.

கேள்வி (ஆரியங்காவு வாசகர்): டீச்சருக்கு வணக்கம். நான் ஆரியங்காவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். காட்டுக் காளான் தின்று பழக்கமில்லை. போன வாரம் இரண்டு நாள் மழை பெய்து விட்ட காலையில், தோட்டமும் காடும் சேரும் இடத்தில் ஒரு புற்றைச் சுற்றி இருபது முப்பது வெள்ளைக் காளான்கள் நின்றன. பால் வெட்டுகிறவர்கள் சாப்பிடலாம் என்கிறார்கள். என் மனைவி அடுப்பில் ஏற்ற மாட்டேன் என்கிறாள். மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, மூன்று படமும் தலைக்கு நேர் மேலேயிருந்து எடுத்தவை. மாப்பிள்ளை பார்க்கச் சொல்லித் தலைப்பாகையை மட்டும் படமெடுத்து அனுப்பியது போல இருக்கிறது. மூன்றாவது படத்தில் உங்கள் வலதுகால் செருப்பு நன்றாகத் தெரிகிறது. காளானின் காம்பு தெரியவில்லை. ஆகவே சாப்பிடலாம் என்றும் சொல்ல மாட்டேன், விஷம் என்றும் சொல்ல மாட்டேன். உங்கள் மனைவி மறுத்தது இப்போதைக்குச் சரி.

புற்றைச் சுற்றி நின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்லுக்காகத்தான் விரிவாகப் பதில் எழுதுகிறேன். அது புற்றுக்காளானாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் வாய்ப்பைச் சட்டியில் போட்டு வதக்க முடியாது.

என் மாமியாரை வைத்துச் சொன்னால்தான் இது எனக்குச் சொல்ல வரும். அத்தை பகவதிபுரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர். மாமா, 1904-இல் திறந்த செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் ரயில் பாதையில் கேங்மேன். அத்தை பள்ளிக்கூடப் படி ஏறாதவர்; நான் தாவரவியலில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்த மருமகள். காளான் என்ற சொல்லே அவர் வாயில் வராது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் அல்லவா, அத்தைக்குக் கடைசிவரை அது கூண்தான். (அச்சுக் கோக்கிற தம்பி இதைக் கூன் என்று திருத்திவிட வேண்டாம், அது முதுகில் இருப்பது.) யார் கூண் கொண்டுவந்து வாசலில் நின்றாலும், குடை எவ்வளவு பெரிது, எவ்வளவு வெள்ளை என்றெல்லாம் பார்க்க மாட்டார். முதல் கேள்வியே, "வால் எங்கே?"

புற்றுக்காளானுக்கு வால் உண்டு. மண்ணுக்கு மேலே விரல் தடிமனாக நிற்கும் காம்பு, மண்ணுக்குள் போகப் போக மெலிந்து எலிவால் போல இறங்கும். ஒரு சாண் இருக்கலாம், ஒரு முழமும் இருக்கலாம். அது கீழே கறையான் போட்டுவைத்திருக்கும் தோட்டத்தில் போய் முடிகிறது. தோட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். கறையான் சருகையும் சுள்ளியையும் தின்று, எச்சமாக இட்டு, அதைக் கடற்பஞ்சு போன்ற பழுப்புக் கூடாக அடுக்குகிறது. அந்தக் கூட்டில் காளானின் இழைகள் பரவி, கறையானால் தனியே செரிக்க முடியாத மரச் சத்தைப் பக்குவப்படுத்துகின்றன. பக்குவமானதைக் கறையான் திரும்பத் தின்கிறது. மழையில் மண் நனைந்ததும் அங்கிருந்துதான் காளான் மேலே புறப்படுகிறது. வழியெல்லாம் மண்ணைத் துளைத்து வர வேண்டியிருப்பதால் அதன் உச்சந்தலையில் பம்பரத்து ஆணி போலக் கூர்முனை இருக்கும். குடை விரிந்த பிறகும் நடுவில் அந்தக் குமிழ் நிறம் அடர்ந்து, கெட்டியாக நிற்கும். உங்கள் முதல் படத்தில் அப்படி ஒன்று இருப்பது போலத் தோன்றுகிறது. செருப்புக்கு அருகே உள்ளதில் இல்லை. ஒரே இடத்தில் இரண்டு வகை முளைப்பது அதிசயமில்லை.

அத்தை கூண் எடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கத்தி கொண்டுபோக மாட்டார். சீவிய மூங்கில் குச்சி ஒன்றுதான். அதைக் காம்பை ஒட்டிச் செருகாமல் நான்கு விரல் தள்ளிச் செருகுவார். மண்ணை நெம்பி இளக்கிவிட்டு, காம்பின் அடியை இரண்டு விரலால் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுப்பார். சில சமயம் பாதியில் அறும். அறாமல் வந்தால் கடைசி அங்குலம் கறுத்து, நுனியில் ஈரமண் ஒட்டியிருக்கும். ஒன்றிரண்டு கறையானும் கூடவே வந்து திருதிருவென்று விழிக்கும். அதை ஊதித் தள்ளிவிட்டு மடியில் போட்டுக்கொள்வார். வால் அறுந்துவிட்டால், அறுந்த முனையையும் தோண்டி எடுத்துப் பொருத்திப் பார்த்த பிறகுதான் அது மடியில் சேரும். எனக்கு அப்போது இதெல்லாம் கிழவியின் பிடிவாதமாகத் தோன்றியது.

கொல்லுகிற காளானின் அடையாளமும் அந்த அடியில்தான் இருக்கிறது. அமானிட்டா என்றொரு குலம் உண்டு. எல்லாமே கொல்லாது, கொல்லுகிற சில போதும். அது இளசில் முட்டை போல ஓர் உறைக்குள் இருக்கும். வளரும்போது உறையைக் கிழித்துக்கொண்டு எழும். கிழிந்த உறை காம்பின் அடியில் கிண்ணம் போலத் தங்கிவிடும், பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே. கத்தியால் தரைமட்டத்தில் அறுத்து எடுத்தால் கிண்ணம் மண்ணில் நின்றுவிடும், காளான் மட்டும் வீட்டுக்கு வந்துவிடும். மேலே பார்த்தால் இதுவும் வெள்ளைக் குடைதான். குடைக்கு அடியில் இருக்கும் மடிப்புகள், பாடப்புத்தகம் செவுள் என்று சொல்வது, அவையும் இரண்டிலும் வெள்ளைதான். காம்பில் வளையம் இருந்தால் விஷம் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அதையும் நம்பாதீர்கள். புற்றுக்காளானிலேயே வளையம் போட்டது உண்டு. 1979-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நடராஜன் புதிய இனமாக விவரித்து டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மியை என்று பெயரிட்டாரே, அதற்கு வளையம் இருக்கிறது. (1942-இல் இந்தப் புற்றுக்காளான் குலத்துக்கே பெயர் வைத்த பிரெஞ்சுக்காரர் ரோஜர் ஹெய்ம். அவர் நினைவாகத்தான் ஹெய்மியை.) கிண்ணம் இருப்பதெல்லாம் விஷமும் அல்ல, வைக்கோல் காளானுக்குக் கிண்ணம் உண்டு, ஊரே சாப்பிடுகிறது. ஆனாலும் காட்டில் கிண்ணத்தைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு வேளைக் கறிதானே, போகட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. அடுத்த தடவை மூன்று மட்டும் எடுங்கள்: ஒரு மொட்டு, ஒரு பாதி விரிந்தது, ஒரு முழுக்குடை. அடியோடு, மண்ணோடு. பாலித்தீன் பை வேண்டாம், வியர்த்து அழுகிவிடும், செய்தித்தாளில் பொதியுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழுக்குடையின் காம்பை மடிப்பு தொடங்கும் இடத்தில் நறுக்கிவிட்டு, மடிப்புப் பக்கம் கீழாக ஒரு தாளின் மேல் கவிழ்த்து, எவர்சில்வர் கிண்ணத்தால் மூடிவையுங்கள். தாள் பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக இருப்பது நல்லது. பழைய காலண்டர் அட்டையை ஒட்டிக்கொள்ளலாம். காலையில் திறந்தால் நுண்ணிய பொடி சக்கரத்து ஆரக்கால் போலப் படிந்திருக்கும். புற்றுக்காளானின் பொடி இளஞ்சிவப்புச் சாயல் ஏறிய பாலாடை நிறம். சுத்த வெள்ளை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பச்சை என்றால் மூன்றாவது பதிலைப் படியுங்கள்.

புற்று, வால், கூர்முனை, பொடி நான்கும் பொருந்திய பிறகும், அதே இடத்தில் பல வருடம் பறித்துத் தின்ற ஒருவர் கையில் வாங்கிப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். பால் வெட்டுகிறவர்கள் சாப்பிடலாம் என்றார்கள் என்கிறீர்கள். அவர்கள் சாப்பிடுகிறார்களா என்று கேளுங்கள். அது வேறு கேள்வி.

ரப்பர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலை உதிர்வு நோய்க்கு மழைக்கு முன்னால் துரிசு (செம்பு உப்பு) கலந்த மருந்து அடிப்பது வழக்கம். கணக்கு எழுதுகிறவர் நீங்கள்தான். எந்தத் தேதியில் எந்தப் பக்கம் அடித்தார்கள் என்பது உங்கள் நோட்டிலேயே இருக்கும். காளான் மண்ணில் உள்ள உலோகத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் சாதி. கறையானுக்கு மருந்து ஊற்றிய புற்று என்றால் கேட்கவே வேண்டாம்.

கேள்வி (செங்கோட்டை வாசகி): காளான் வேகும்போது எங்கள் அம்மா வெள்ளி மோதிரத்தைப் போட்டுப் பார்ப்பார், கறுக்காவிட்டால் நல்ல காளான். மாமியார் வீட்டில் பூண்டு போட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்க்கிறார்கள். எது சரி?

பதில்: சம்பந்திகள் சண்டை போட வேண்டாம், இரண்டும் தப்பு. வெள்ளியைக் கறுக்கவைப்பது கந்தகம். அவித்த முட்டையில் வெள்ளிக் கரண்டியைக் குத்திவைத்தாலும் கறுக்கும். அதற்காக முட்டையைக் கொட்டிவிடுகிறோமா? பூண்டு நிறம் மாறுவது புளிப்புப் பட்டால். எலுமிச்சை ஊறுகாயில் போட்ட பூண்டு பச்சையாகி நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மஞ்சள் தூள் வைத்தியமும் அரிசி வைத்தியமும் இதே கூட்டம்தான். நத்தை கடித்திருந்தால் நல்லது என்பது எல்லாவற்றிலும் மோசம். ஆளைக் கொல்லும் அமானிட்டாவை நத்தை ஒன்றும் ஆகாமல் மேய்ந்துவிட்டுப் போகும்.

நன்றாக வேகவைத்தால் விஷம் போய்விடும் என்று ஒரு கட்சி இருக்கிறது. அமானிட்டாவில் இருக்கும் அமட்டாக்சின் வேகவைத்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது, உலர்த்தினாலும் போகாது. அதன் வஞ்சகம் கடிகாரத்தில் இருக்கிறது. சாப்பிட்டு ஆறு மணி நேரம், சிலருக்கு ஒரு நாள்கூட, ஒன்றும் தெரியாது. சாப்பிட்டவர் ருசி நன்றாக இருந்தது என்றுகூடச் சொல்லியிருப்பார். பிறகு வாந்தியும் பேதியும். அதுவும் ஒரு நாளில் அடங்கி, தெளிந்துவிட்டது போல இருக்கும். குளிப்பாட்டிக் கஞ்சி கொடுத்துப் படுக்கவைப்பார்கள். அந்த அமைதிக்குள் ஈரலின் உயிரணுக்கள் தமக்கு வேண்டிய புரதத்தைச் செய்ய முடியாமல் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் வாக்கில் கண் மஞ்சளாகும். அப்போது ஓடினால் பல பேருக்கு நேரம் கடந்திருக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் தின்று 13 பேர் இறந்தார்கள், தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு.

ஆகவே காளான் தின்ற பிறகு வயிறு கலங்கினால், எத்தனை மணி நேரம் கழித்து என்று பார்த்துக் குறித்துவைத்துக்கொண்டு, 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான். தாமதமாகத் தொடங்கும் வாந்திக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். மிஞ்சிய காளானை, ஒன்றுமில்லை என்றால் குப்பையில் கிடக்கும் தோலையாவது, ஒரு தாளில் சுற்றிக் கூடவே எடுத்துப் போங்கள். என்ன தின்றீர்கள் என்று டாக்டர் கேட்கும்போது "வெள்ளையாக இருந்தது" என்று மட்டும் சொல்லி நிற்பது பரிதாபம்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்): எங்கள் பள்ளி மைதானத்தில், புல்லுக்கு நடுவே, வட்டம் போட்டது போலப் பெரிய வெள்ளைக் குடைகள் முளைத்திருக்கின்றன. சாப்பாட்டுத் தட்டு அகலம். மதியச் சோறு சமைக்கும் அம்மா பறித்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஆரியங்காவுத் தம்பிக்குப் படம் பார்த்தும் சொல்ல மாட்டேன் என்றவள், உங்களுக்குப் பார்க்காமலே சொல்கிறேனே என்று நினைக்கலாம். சாப்பிடலாம் என்று சொல்லத்தான் காம்பும் வாலும் வேண்டும். வேண்டாம் என்று சொல்ல ஒன்றும் வேண்டாம்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருடம், ஆடி மாதம். அப்போது வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் மைதானத்தில் நீங்கள் சொல்லும் அதே காட்சி. புல், வட்டம், தட்டு அகலம். வளையம் இருந்தது, மடிப்பு வெள்ளை, மேலே நடுவில் பழுப்புச் செதில். எனக்குப் பட்டம் இருந்தது. பிளேடால் தரைமட்டத்தில் அழகாக அறுத்து, டிபன் கேரியரின் மூன்று தட்டிலும் அடுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அத்தை ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "வால் எங்கே?" என்றார். "எல்லாவற்றுக்கும் வால் இருக்காது அத்தை, புத்தகத்தில் படமே இருக்கிறது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானே வதக்கி, மிளகு போட்டு இறக்கினேன். அன்று அத்தையும், அவர் தட்டைப் பார்த்தே சாப்பிடும் மாமாவும் ரசத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். நானும் என் கணவரும் கொழுந்தனும் சாப்பிட்டோம். கொழுந்தன் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார், பாவம்.

இரண்டு மணி நேரம் ஆகியிருக்காது. முதலில் கொழுந்தன் புறவாசலுக்கு ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் நாங்கள் இருவரும் ஓடினோம். அந்த இரவை விவரித்தால் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது. ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கும் வரிசையாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தபோது, சமைக்காமல் மிஞ்சிய ஒரு குடை சமையலறை மேடையில் தட்டின் மேல் கவிழ்ந்தபடியே கிடந்தது. அத்தை அதை எறியாமல் வைத்திருந்தார். தூக்கினேன். தட்டில், மடிப்பு மடிப்பாக, பாசி உலர்ந்தாற்போல மங்கிய பச்சைப் பொடி. ஒரு கோடுகூடக் கலையவில்லை. அத்தை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, தட்டைத் தேய்க்கப் போட்டார். அதற்குப் பிறகு இருபது வருடம் கூட இருந்தோம். ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அதன் பெயர் குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ். நான் பச்சைமடிப்பு என்று சொல்லிக்கொள்வேன். இளசில் மடிப்பு வெள்ளையாகத்தான் இருக்கும்; முற்றிய பிறகே பச்சை ஓடும். அதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். காம்பில் உள்ள வளையம் கைவளை போல மேலும் கீழும் நகரும். அடிப்பக்கம் பருத்திருக்கும், வால் கிடையாது. பெரும்பாலும் உயிரை எடுக்காது, ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு உடம்பில் நீர் வற்றிப்போனால் ஆபத்துதான். வட்டமாக முளைப்பதில் மாயம் ஒன்றுமில்லை. மண்ணுக்குள் அதன் இழைகள் ஒரு புள்ளியில் தொடங்கி எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுகின்றன. உயிரோட்டமுள்ள வெளி விளிம்பில் குடை விரிகிறது. குழந்தைகளைக் கூட்டி வட்டத்தைக் காட்டுங்கள், ஒரு குடையைத் தாளில் கவிழ்த்து மறுநாள் பச்சைப் பொடியையும் காட்டுங்கள். பிறகு கை கழுவச் சொல்லுங்கள்.

கேள்வி (குமுளி வாசகர்): இடி இடித்தால்தான் காளான் முளைக்கும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: கேரளத்திலும் இதையேதான் சொல்கிறார்கள், ஜப்பானிலும் சொல்கிறார்களாம். அங்கே இவாத்தே பல்கலைக்கழகத்தில் மரக்கட்டைகளில் மின்னல் மாதிரி உயர் அழுத்த மின்துடிப்பைச் செலுத்திப் பார்த்ததில் ஷிட்டாகே காளான் கூடுதலாக முளைத்தது. நம் புற்றுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது வேறு. இடியோடு மழை வருகிறது, மண் குளிர்கிறது. உள்ளே பொத்தான் அளவில் காத்திருக்கும் காளான் தண்ணீரைக் குடித்து ஒரே இரவில் உப்பி எழுகிறது. அத்தை இடியை நம்பினார். இடித்த இரவுக்கு மறுநாள் விடியுமுன் எழுந்து போவார். மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்ததாலும் அவருக்கு நிறையக் கிடைத்திருக்கலாம்.

கேள்வி (புளியரை விவசாயி): கடையில் கிடைக்கும் காளானெல்லாம் புற்றுக்காளானுக்குப் பக்கத்தில் நிற்காது. அதையே வீட்டில் வளர்க்க வழி உண்டா? எங்கள் வயல் வரப்பில் ஒரு புற்றில் வருடாவருடம் வருகிறது. மண்ணோடு பெயர்த்து வந்து வைத்தால் வருமா?

பதில்: வராது ஐயா, இருப்பதும் போய்விடும். காளானை வளர்ப்பது மண் அல்ல, கறையான். சருகை மெல்ல, எச்சமாக இட, கூட்டை ஈரமாக வைத்திருக்க, வேற்றுப் பூசணம் வந்தால் துடைத்தெடுக்க அத்தனை லட்சம் கூலியாட்களை நீங்கள் எங்கே பிடிப்பீர்கள்? மனிதர்கள் இன்னும் அதைப் பண்ணையில் விளைவிக்க முடியாததற்கு அதுதான் காரணம்.

வருடாவருடம் வர வேண்டுமானால் புற்றை உடைக்காதீர்கள், வாலை எடுக்கிற சாக்கில் பள்ளம் தோண்டாதீர்கள். எல்லாக் குடையையும் வழித்தெடுக்கவும் வேண்டாம். அத்தை ஒவ்வொரு புற்றிலும் நான்கைந்தை விட்டுவிட்டு வருவார், "புற்றுக்கு ஒரு பங்கு" என்று. நான் அதை நாகருக்கு விடுகிற பங்கு என்றே நினைத்தேன். பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது: ஈசலாகப் பறந்துபோய்ப் புதுக் குடும்பம் தொடங்கும் கறையானில் பெரும்பாலான இனங்கள், தோட்டத்துக்கான விதையைத் தாய்வீட்டிலிருந்து எடுத்துப் போவதில்லை. அவற்றின் முதல் வேலைக்காரக் கறையான்கள் வெளியே வந்து, இப்படி நின்று முற்றிய குடைகளிலிருந்து உதிர்ந்த பொடியைச் சேர்த்துக்கொண்டு போகின்றன. முழுவதையும் நாம் சமைத்துவிட்டால் அவை எங்கே போகும்?

வளர்க்கத்தான் வேண்டும் என்றால் பால் காளான் வளருங்கள். அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஏ.பி.கே. 2 நம் வெயிலுக்கு ஏற்றது. வைக்கோலை நறுக்கி, வேகவைத்து, ஈரம் வடித்து, பையில் வித்தோடு அடுக்க வேண்டும். இழை முழுக்கப் பரவியதும் பையை இரண்டாக வெட்டி, மேலே வேகவைத்த மண்ணைப் பரப்பித் தண்ணீர் தெளிக்க வேண்டும். கெட்டியாக, வெள்ளைவெளேரென்று வரும். புற்றுக்காளான் ருசி வராது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது.

கேள்வி (கம்பம் வாசகர்): காளான் சாப்பிட்ட அன்று கள் குடிக்கக் கூடாது என்பது உண்மையா?

பதில்: எல்லாக் காளானுக்கும் இல்லை. மடிப்பு கரைந்து மை மாதிரி சொட்டும் காளான்களில் ஒன்று அப்படிச் செய்யும். தனியாகத் தின்றால் ஒன்றுமில்லை. கூடவோ, இரண்டு மூன்று நாள் கழித்தோ குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டும். குடியை நிறுத்த ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரை வேலை செய்வது போலத்தான். நீங்கள் குமுளி தாண்டிக் கள்ளுக்கடைக்குப் போகிறவர் என்பதை வீட்டில் சொல்ல மாட்டேன்.

கேள்வி (தென்காசி வாசகி): தென்மலை போகும் வழியில் சாலையோரத்தில் இலையில் பொதிந்து காளான் விற்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: நான் வாங்குவதுண்டு, ஆனால் பொதியைப் பிரித்துப் பார்த்துத்தான். தெரிந்து எடுத்தவர்கள் வாலை வெட்டாமல் வைத்திருப்பார்கள். அது அவர்களுக்குக் கௌரவம். நகைக்கடையில் முத்திரை காட்டுவது மாதிரி. அரிசி மணி சிதறியது போல நூற்றுக்கணக்கில் முளைக்கும் சின்ன வகை ஒன்றும் உண்டு, மலையாளத்தில் அரிக்கூண். கறையான் தன் கூட்டுத் துண்டுகளை வெளியே கொண்டுவந்து போட, அதில் முளைப்பது என்பதால் அதற்கு நீள வால் இருக்காது. நன்றாகத் தெரிந்தவரிடம் மட்டும் வாங்குங்கள். வாடி, ஓரம் நீர்த்து, நாற்றம் தொடங்கியிருந்தால் எந்த இனமானாலும் வேண்டாம்.

நாமே காட்டுக்குள் போய்ப் பறித்தால் என்ன என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். ஒதுக்குக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்து எதை எடுத்தாலும் குற்றம். அச்சன்கோவில் பக்கத்து மலைப்பண்டாரங்களுக்கும், நம் பக்கத்துப் பளியர்களுக்கும், இப்படிப் பழங்குடிகளுக்குக் காட்டில் சிறு விளைபொருள் சேகரிக்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அது அவர்கள் பிழைப்பு. நமக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. அவர்களிடம் விலை கொடுத்து வாங்குவதே முறை, பேரம் பேசாமல்.

கேள்வி (அதே வாசகி): உங்கள் மாமியார் எப்படிச் சமைப்பார் என்றும் எழுதுங்கள்.

பதில்: தீயல். துருவிய தேங்காயையும் சின்ன வெங்காயத்தையும் தேங்காயெண்ணெயில் போட்டுக் கிளற ஆரம்பித்தால், கையை எடுக்கவே கூடாது. தேங்காய் வெல்ல நிறம் தாண்டிக் காப்பிக்கொட்டை நிறம் வரும்போது மல்லி, வற்றல் மிளகாய், நாலு மிளகு. ஆறவைத்துத் தண்ணீர் விடாமல் அம்மியில் எண்ணெய் பிரிகிறவரை அரைப்பார். காளானைக் கத்தியால் நறுக்க விடமாட்டார். குடையைக் கையால் நார் நாராகக் கிழிக்க வேண்டும், வாலின் மேல்தோலைச் சுரண்டிவிட்டுப் பொடியாக ஒடித்துப் போட வேண்டும். காளான் தன் தண்ணீரிலேயே நன்றாக வெந்த பிறகு அரைத்ததும் கொஞ்சம் புளியும் சேரும். அரைவேக்காடு ஆகாது.

புது ஆள் யாராக இருந்தாலும் முதல் நாள் இரண்டு கரண்டிதான் அத்தை பரிமாறுவார். எனக்கு அம்மி போய் மிக்ஸி வந்துவிட்டது, மற்றதெல்லாம் அப்படியே. சட்டியை இறக்கியதும், சமைக்காமல் எடுத்துவைத்த ஒரு காளானை வாலோடு செய்தித்தாளில் சுருட்டி, தேதி எழுதி, ஃபிரிட்ஜில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைப்பேன். மூன்றாம் நாள் கழிந்துதான் வெளியே எறிவேன். என் மகன் சென்னையிலிருந்து வரும்போதெல்லாம் ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டு, "அம்மா, இதில் என்ன எலிவால்?" என்கிறான்.